கரைதலுக்கு இரண்டு மதிப்பெண்

பருப்பொருள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பிவிட்டது.

“சார், பருப்புப் பொருளா? அப்ப இன்னைக்கு சாம்பார் பாடமா?”

“துவரம் பருப்பா, கடலப் பருப்பா சார்?”

நானும் கூடச் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. இடத்தை அடைத்துக்கொள்வது, எடை உள்ளது, அதுதான் பருப்பொருள் என்று மூன்று முறை சொல்லி மூன்று முறை எழுதச் சொன்னேன். மதியம் சத்துணவில் உண்மையாகவே சாம்பார் சாதம் போட்டார்கள். தட்டோடு வரிசையில் நின்ற நாலைந்து பேர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள், நான்தான் சொல்லிச் செய்ய வைத்ததுபோல.

மத்திகிரியிலிருந்து நகரப் பேருந்தில் கொஞ்ச தூரம் போனால் வரும் நடுநிலைப் பள்ளி அது. தற்காலிக ஆசிரியராக நான் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஏழாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. சிலர் வீட்டில் கன்னடம். தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அவரவர் ஊர்த் தமிழ். மைதானத்தில் எல்லாம் கலந்து ஒரே பேச்சாக ஓடும். வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் பாடநூல் தமிழ் என்ற இன்னொரு மொழி. அதற்கு நான்தான் காவல்காரன்.

அந்தக் காவலை நான் விரும்பித்தான் செய்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அப்பாவுக்கு அடுத்தவர் காட்டில் கூலி வேலை. அம்மாவுக்கு இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, பனிக்கட்டிக்கு என்ன ஆகும் என்று ஆசிரியர் கேட்டார். முந்திக்கொண்டு எழுந்து, “கரைஞ்சு தண்ணி ஆயிடும் சார்” என்றேன். “கரையறதுக்கு அது என்னடா வெல்லமா? உருகும்னு சொல்லு” என்றார். வகுப்பே சிரித்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத் திருத்தினேன்.

“கரையாதும்மா. உருகும்.”

“எதுவோ ஒண்ணு கண்ணு. தண்ணியாப் போச்சு இல்ல?”

அம்மாவுக்கு அது எதுவோ ஒன்று. எனக்கு அப்படியில்லை. அதற்குப் பிறகு வேதியியல் பட்டம் வாங்கும்வரை, பி.எட். முடிக்கும்வரை, அந்த இரண்டு சொற்களை நான் ஒருமுறைகூட மாற்றி எழுதியதில்லை.

பாடம் தொடங்கிய அதே வாரத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மாவட்டத்திலுள்ள ஒரு கல்லூரியில் ஐந்து நாள் அறிவியல் முகாம். பள்ளிக்கு ஒரு பிள்ளை, ஏழாம் வகுப்பிலிருந்து மட்டும். தங்க இடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள். தலைமையாசிரியை அதை எடுத்துக்கொண்டு வகுப்புக்கே வந்தார்.

“இந்தப் பாடத்து டெஸ்ட்ல யாரு ஃபர்ஸ்ட் மார்க் எடுக்கறாங்களோ அவங்கதான் போகணும். யாரு வீட்ல இருந்தும் சிபாரிசு கொண்டு வரக்கூடாது” என்று சொல்லிவிட்டு, முகாமில் என்னென்ன காட்டுவார்கள் என்று வாசித்தார். கடைசி வரியில் திரவ நைட்ரஜன் என்று இருந்தது.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். அதுவரை அவள் குரலை நான் அதிகம் கேட்டதில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அப்பாவுக்கு ஓர் அலுமினிய வார்ப்புக் கம்பெனியில் உலை வேலை.

“திரவ நைட்ரஜன்னா என்ன சார்?”

“காத்துல இருக்கற ஒரு வாயு. ரொம்ப ரொம்பக் குளிர வச்சா அது திரவமா ஆயிடும்.”

“காத்து தண்ணியாவுமா?”

“தண்ணி இல்ல. தண்ணி மாதிரி.”

“டம்ளர்ல ஊத்தலாமா?”

“அதுக்குன்னு தனி ஃபிளாஸ்க் இருக்கும். ஊத்தலாம்.”

“நீங்க பாத்திருக்கீங்களா சார்?”

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. மூன்று வருடம் வேதியியல் படித்தும் நான் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். “அப்ப நான் போயிட்டு வந்து உங்களுக்குச் சொல்றேன் சார்” என்றாள். வகுப்பு ஓ என்று கத்தியது. அவள் சிரிக்கவில்லை. மறுநாள் வருகைப்பதிவு எடுப்பதற்கு முன்பே என் மேசைக்கு வந்து நின்றாள்.

“சார், எங்க வீட்டு சிலிண்டர ஆட்டிப் பாத்தேன். உள்ள தண்ணி சத்தம் கேக்குது. கேஸுன்னுதான சொல்றாங்க? அது எப்படி தண்ணியாச்சு? தொட்டா ஒண்ணும் குளிரலயே?”

“அழுத்தம். நெருக்கித் தள்ளி அடைச்சிருக்காங்க” என்றேன்.

“நெருக்கினாலே போதுமா? அப்ப நைட்ரஜனுக்கு மட்டும் ஏன் குளிரணும்?”

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அன்று மாலை என் பழைய கல்லூரிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

அவளைத் தவிர மற்றவர்களிடம் பாடம் நகர்வதாகவே தெரியவில்லை. எல்லாப் பொருள்களும் துகள்களால் ஆனவை என்று எழுதிப்போட்டேன். துகள் என்றால் என்ன என்று கேட்டேன். “தூசி சார்” என்று ஒரே குரல். சரி, தண்ணீரில் துகள் உண்டா? பெரிய விவாதம் நடந்தது. போர் தண்ணீரில் உண்டு, ஏரித் தண்ணீரில் நிறைய உண்டு, மழைத் தண்ணீரில் கொஞ்சம். கேன் தண்ணீரில் மட்டும் கிடையவே கிடையாது.

“ஃபில்டர் பண்ணிட்டாங்கள்ல சார். துகள் இருந்தா ஐ.எஸ்.ஐ. முத்திரை குடுக்க மாட்டாங்க.”

“கேன் தண்ணியே துகள்தாண்டா. துகள எடுத்துட்டா கேனு காலியாத்தான் இருக்கும்.”

“அப்ப காசு குடுத்து துகள வாங்கிக் குடிக்கறமா?”

அவன் நிஜமாகவே அருவருப்போடு கேட்டான். பக்கத்தில் இருந்தவன் தண்ணீர்ப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். நாற்பது நிமிடம் முடிந்தபோது எனக்குத் தொண்டை போயிருந்தது. வகுப்பின் முடிவு இதுதான்: துகள் இல்லாத தண்ணீர் ஒன்று உண்டு, அது சாருக்குத் தெரியவில்லை.

கண்ணால் காட்டினால்தான் நிற்கும் என்று மறுநாள் ஐஸ் வாங்கினேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஜூஸ் கடையில் கெஞ்சி வாங்கி, எவர்சில்வர் தூக்கில் போட்டு, துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். எடை போட்டு, நீரான பிறகு மறுபடி எடை போட்டு, குறையவில்லை என்று காட்டுவது திட்டம். பக்கத்து மளிகைக் கடையிலிருந்து தராசுகூட ஏற்பாடு செய்திருந்தேன். ஆனால் நெடுஞ்சாலை மேம்பாலத்துக்குக் கீழே கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் கம்பெனிப் பேருந்துகள். முக்கால் மணி நேரம். வகுப்பில் தூக்கைத் திறந்தபோது மிளகளவு இரண்டு துண்டுகள் மிதந்தன.

“ஐஸ் எங்க சார்?”

“எல்லாம் கரைஞ்சு போச்சு” என்றேன், எரிச்சலில்.

நான் சொன்னது எனக்கே காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அங்கேயே நிறுத்திப் பாடமாக்கியிருக்கலாம். தூக்கை மூடி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் வாயால் பாடத்தை நடத்தினேன். “பரீட்சையில உருகுதல்னுதான் எழுதணும். கரைதல்னு எழுதினா தப்பு” என்று சொன்னேன். ஏன் தப்பு என்று சொல்லவில்லை. கரைசல் என்பது அடுத்த பாடத்தில் வருகிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்தப் பாடத்தில் ஒரே ஒரு நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளைகளையே துகள்களாக்கி வெளியில் நிறுத்தினேன். மண்ணில் ஒரு சதுரம் கீறி, திண்மம் என்றால் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று, இடம் மாறாமல் ஆட மட்டும் வேண்டும். திரவம் என்றால் சதுரத்துக்குள்ளேயே ஒருவரை ஒருவர் தாண்டி நழுவலாம். வாயு என்றதும் எங்கு வேண்டுமானாலும் ஓடலாம். முதல் இரண்டும் நன்றாக நடந்தன. வாயு என்று நான் சொன்னதும் முப்பத்தெட்டும் சிதறின. வாயுவைக் கொள்கலத்தில் அடைக்க வேண்டும் என்பதை நான் மறந்திருந்தேன். பள்ளியின் இரும்புக் கதவு திறந்திருந்தது. மூன்று துகள்களைப் பெட்டிக் கடையிலிருந்து கூட்டிவர வேண்டியதாயிற்று.

எல்லாரும் மூச்சு வாங்கத் திரும்பி வந்த பிறகு அந்தப் பெண் சொன்னாள்.

“சார், இது கம்பெனி பஸ் மாதிரி. பஸ்ல உக்காந்த எடத்துலயே ஆடிகினு வருவாங்க. கேட்ல எறங்கினதும் தள்ளிகினு போவாங்க, எடம் மாறி மாறி. ஷிஃப்ட் முடிஞ்சதும் ஆளுக்கொரு பக்கம் போயிடுவாங்க.”

“ஆமா. திண்மம், திரவம், வாயு.”

“ஆனா ஆளுங்க அதே ஆளுங்கதான் சார். ஒருத்தர்கூட கொறையல.”

பாடநூலில் இரண்டு பக்கம் போட்டிருந்ததை ஒரே வாக்கியத்தில் சொன்னாள். நன்று என்று சொன்னேனா? சொன்னதாக நினைவில்லை. பெட்டிக் கடைக்குப் போனவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருபத்தைந்து மதிப்பெண்ணுக்குத் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை காலையில் விடைத்தாள்களைத் திருத்தினேன். ‘பனிக்கட்டி நீராக மாறும் நிகழ்வு _____ எனப்படும்’ என்ற கோடிட்ட இடத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கரைதல் என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாகச் சிவப்பில் அடித்துக்கொண்டு வந்தேன். சொல்லியும் கேட்காத கோபம் தாளுக்குத் தாள் ஏறிக்கொண்டே போனது. அவளும் கரைதல் என்றே எழுதியிருந்தாள். ஒரு மதிப்பெண் போயிற்று. ஐந்து மதிப்பெண் கேள்வியில், பனிக்கட்டி நீராகும்போது துகள்களுக்கு என்ன நேர்கிறது என்று கேட்டிருந்தேன். அவள் இப்படி எழுதியிருந்தாள்:

‘ஐஸ் கரையும்போது துகள்கள் உடைவதில்லை. காணாமலும் போவதில்லை. சூடு ஏறியதும் அதிகமாக ஆடி, இருந்த இடத்தை விட்டு ஒன்றை ஒன்று தாண்டி நகரும். ஐஸ் கரைந்த பிறகும் எடை அதேதான். ஆட்கள் அதே ஆட்கள்.’

கரையும்போது என்பதன் கீழே ஒரு சிவப்புக் கோடு. கரைந்த என்பதன் கீழே இன்னொன்று. கோட்டுக்கு ஒன்றாக இரண்டு மதிப்பெண்ணைக் கழித்தேன். மொத்தம் இருபத்திரண்டு. முதல் பெஞ்சுப் பையன் ஒருவன், பாடநூலில் எங்கே காற்புள்ளி இருக்கிறதோ அங்கே காற்புள்ளி வைத்து, உருகுதல் என்று எழுதியிருந்தான். படம் வரைந்ததில் மட்டும் இரண்டு போய் இருபத்து மூன்று.

கழிக்கும்போது எனக்குச் சங்கடமாக இல்லை. அதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை. சரியான சொல்லைச் சரியான இடத்தில் கேட்கிற ஆசிரியர் என்று என்னைப் பற்றி நானே திருப்திப்பட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை தாள்களைக் கொடுத்தேன். அவள் தன்னுடையதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

“சார், அன்னைக்கு நீங்களே ஐஸ் கரைஞ்சு போச்சுன்னுதான சொன்னீங்க?”

எனக்கு முகம் சுட்டது.

“பேசறது வேற, எழுதறது வேற. போய் உக்காரு.”

போய் உட்கார்ந்தாள். அன்று மதியமே தலைமையாசிரியை அந்தப் பையனின் பெயரை முகாமுக்குப் பதிவு செய்துவிட்டார்.

புதன்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்பு அவளுடைய அப்பா வந்தார். இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார். நீலச் சட்டையில் கரி. ஹெல்மெட்டைக் கையிலேயே பிடித்திருந்தார். நான் சண்டைக்குத் தயாரானேன்.

“சண்டைக்கு வர்ல சார். பாப்பா தப்பு ஒண்ணும் எழுதலன்னு சொல்லிகினே இருக்குது. ரெண்டு நாளா சரியா சாப்பிடல. என்ன தப்புன்னு சொன்னீங்கன்னா நான் வீட்ல எடுத்துச் சொல்லிடுவேன்.”

விடைத்தாளை அவளிடமிருந்து வாங்கி வந்திருந்தார். பிரித்துக் காட்டினேன். “இங்க பாருங்க. கரைதல்னு எழுதிருக்கா. உருகுதல்னு வரணும்.”

“எனக்குத் தமிழ் படிக்க வராது சார். பேசுவேன். எங்க வீட்ல ஐஸ் கரிகிப்போயிந்தின்னுதான் சொல்றது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரங்க கரகி ஹோய்த்துன்னு சொல்லுவாங்க. நீங்க கரைஞ்சு போச்சுன்னு சொல்றீங்க. மூணும் ஒண்ணுதான சார்? நானே பன்னெண்டு வருசமா அலுமினியம் கரைக்கறவன்.”

“உருக்கறவர்” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பன்னிரண்டு வருடமாக உலை முன்னால் நிற்கிற ஒருவரை, பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, அவருடைய வேலையின் பெயரைத் திருத்தினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சரி சார். உருக்கறவன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்.”

“உப்பத் தண்ணியில போட்டா கரையும். அதுக்கு ரெண்டு பொருள் வேணும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலக்கணும். ஐஸுக்கு இன்னொரு பொருள் வேணாம். சூடு மட்டும் போதும். அது உருகறது.”

கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைத் திருப்பிக்கொண்டே யோசித்தார்.

“அப்ப ஃபர்னஸ்ல அலுமினியம் உருகுது. அதுக்குள்ள சிலிக்கான் கட்டி போடுவோம் சார், அது கரையுது. அப்படிங்களா?”

“ஆமா. அப்படித்தான்.”

“நல்லா இருக்குது சார். இத பாப்பாவுக்கு இப்படியே சொல்லிக் குடுத்தீங்களா?”

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இல்லை என்றேன். அடுத்த பாடத்தில் வருகிறது என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டேன்.

“வேற என்ன எழுதிருக்குது? கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க சார்.”

அந்த ஐந்து வரிகளையும் வாய்விட்டுப் படித்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ‘ஆட்கள் அதே ஆட்கள்’ என்றபோது, “இது என்ன சார், ஆளுங்க எங்க வந்தாங்க?” என்று சிரித்தார். கம்பெனிப் பேருந்தைப் பற்றிச் சொன்னேன். “எங்க பஸ்ஸா?” என்று மறுபடியும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“இதுல வேற தப்பு இல்லீங்களா?”

“இல்ல.”

“மொத்தமே அந்த ஒரு வார்த்தைதானா?”

“ஆமா.”

“அதுக்கு மூணு மார்க்கு.”

அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். “முகாம்ல கொண்டுபோய் விடறதுக்கு ஒரு நாள் லீவு சொல்லி வச்சிருந்தேன். வாணாம்னு சொல்லிடறேன். வார்த்தைய தப்பா எழுதிட்ட பாப்பா, அதான்னு சொல்றேன். வரேன் சார்.”

அன்று நாள் முழுக்க என்னால் எந்த வகுப்பையும் ஒழுங்காக எடுக்க முடியவில்லை. சாயங்காலம் பேருந்தில் நின்றுகொண்டே அதையே போட்டு உருட்டினேன். வெண்ணெய் உருகுகிறது என்கிறோம். மெழுகு உருகுகிறது என்கிறோம். ஐஸ் மட்டும் ஏன் கரைகிறது? கண்ணுக்கு முன்னால் காணாமல் போவதை எல்லாம் நாங்கள் கரைந்தது என்கிறோம். கூட்டம் கரைந்தது, உடம்பு கரைந்தது. வெண்ணெய் நெய்யாக நிற்கிறது, ஐஸ் வழிந்து போய்விடுகிறது. அப்படியென்றால் பாடநூல் அந்தச் சொல்லை விடாமல் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எதுவும் காணாமல் போகவில்லை என்பதைத்தான் அது சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறது. ஆனால் அந்தப் பெண் அதைத்தான் எழுதியிருந்தாள். காணாமல் போவதில்லை, எடை அதேதான் என்று. கோடிட்ட இடத்துக்கு ஒன்று கழித்தது சரி. விடைக்குள் புகுந்து அதே சொல்லுக்கு மறுபடியும் இரண்டைக் கழித்தது எந்தக் கணக்கில்? அவளுக்கு இருபத்து நான்கு வந்திருக்க வேண்டும். என் கோபத்தில், ஆறாம் வகுப்பில் நான் வாங்கிய சிரிப்பும் சேர்ந்து அவள் தாளில் இறங்கியிருக்கிறது. வீடு வந்து சேர்கிறவரை எனக்கு என்மேல் ஆத்திரம் தணியவில்லை.

மறுநாள் தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன்.

“மேடம், அந்தப் பொண்ணுக்கு ரெண்டு மார்க் தப்பாக் கழிச்சிட்டேன். இருபத்தி நாலு வரணும்.”

“பேரு ஏத்தியாச்சே சார்.”

“மாத்த முடியாதா?”

“போன் பண்ணா மாத்துவாங்க. அந்தப் பையன்கிட்ட யாரு சொல்றது? நீங்க சொல்றீங்களா? அவங்க அம்மா நேத்து வந்து எல்லாருக்கும் லட்டு குடுத்துட்டுப் போனாங்க. நீங்களும்தான் எடுத்துக்கிட்டீங்க.”

எடுத்துக்கொண்டிருந்தேன்.

“அவன் என்ன தப்பு பண்ணான்? கேட்ட வார்த்தைய எழுதினான். எழுதக்கூடாதா?”

“அவன் மேல தப்பே இல்ல மேடம். ரெண்டு பேரையும் அனுப்பலாமே.”

“ஸ்கூலுக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கு. நம்பர் அதுலயே இருக்கு, நீங்களே கேட்டுக்கோங்க.” சுற்றறிக்கையை என் பக்கம் தள்ளினார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “மார்க் போடறதுக்கு முன்னாடி யோசிக்கணும் சார். போட்டு, படிச்சுக் குடுத்து, பேரும் போனப்புறம் யோசிச்சா எல்லாருக்கும் கஷ்டம்” என்றார்.

அங்கிருந்தே பேசினேன். மறுமுனையில் ஒருவர் மரியாதையாகத்தான் பேசினார். இடம் இல்லை, படுக்கைக் கணக்கு முடிந்துவிட்டது, அடுத்த வருடம் கட்டாயம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருடம் அவள் எட்டாம் வகுப்பு என்றேன். எட்டாம் வகுப்புக்கு இல்லையே சார் என்றார்.

பையனிடமே பேசிப் பார்க்கலாமா என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவன் எனக்காகத்தான் தாழ்வாரத்தில் காத்திருந்தான்.

“சார், பெட்ஷீட் எடுத்துகினு போணுமா, அவங்களே குடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்றீங்களா? அம்மா கேக்கச் சொன்னாங்க.”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மதிய இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன். விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லி, ஐந்து மதிப்பெண் விடையின் ஓரத்தில் இருந்த மூன்றை அடித்து ஐந்து போட்டேன். முதல் பக்கத்தில் இருபத்திரண்டை அடித்து இருபத்து நான்கு போட்டுப் பக்கத்தில் கையெழுத்திட்டேன். அவள் என் பேனா போகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டிப் பார்த்தாள். முகம் ஒரு கணம் மாறியது.

“அப்ப நான் போலாமா சார்?”

இப்படிக் கேட்பாள் என்று நான் எப்படி யோசிக்காமல் போனேன்?

“இல்லம்மா. பேரு போயிடுச்சு. கேட்டுப் பாத்துட்டேன். இன்னொரு எடம் இல்லன்னுட்டாங்க.”

“அப்ப இது எதுக்கு சார்?”

“நீ எழுதினது சரி. நான்தான் தப்பாக் கழிச்சேன். அது உனக்குத் தெரியணும்னுதான்.”

“நான் எழுதினது சரின்னு எனக்குத் தெரியும் சார்.”

திமிராகச் சொல்லவில்லை. கேன் தண்ணீரிலும் துகள் உண்டு என்று சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள். தாளை மேசையில் வைத்து, இருபத்து நான்கின்மேல் விரலை வைத்தாள்.

“இருபத்திரெண்டாவே இருக்கட்டும் சார்.”

“ஏன்?”

“நான் வார்த்தய மாத்தி எழுதிட்டேன், அதனாலதான் போச்சுன்னு அப்பா நெனச்சிகினு இருக்காரு. ஐஸ் உருகும், உப்பு கரையும், அலுமினியம் உருகும், சிலிக்கான் கரையும்னு நேத்தெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்துகினு இருந்தாரு. இனிமே மறக்காதன்னாரு. இத பாத்தாருன்னா லீவு போட்டுட்டு திரும்ப இங்க வருவாரு. வந்தாலும் நீங்க இல்லன்னுதான சொல்லப் போறீங்க?”

ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தேன்.

“அப்ப நீங்களே வச்சுக்கோங்க சார்.”

தாளை என் பக்கம் நகர்த்திவிட்டு, சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். வரிசையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள், அவளும் திரும்பி ஏதோ பதில் சொன்னாள்.

மதிப்பெண் பதிவேட்டையாவது திருத்தலாம் என்று எடுத்தேன். முகாமுக்கு நகல் அனுப்பிய பிறகு அந்தப் பக்கத்தில் கை வைக்கக் கூடாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அவள் பெயருக்கு நேரே இன்னும் இருபத்திரண்டு என்றுதான் இருக்கிறது. பக்கத்தின் அடியில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.